ஹேங்கருக்குள் விமானத்தைக் கோட்டில் நிறுத்துவது: லேசர் வழிகாட்டி அமைக்க முழு விளக்கம்

ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். ஷார்க்லெட் (இறக்கை முனையில் மேல்நோக்கி வளைந்த துண்டு) இருந்தால் இறக்கை முனைக்கு முனை 35.80 மீட்டர். வால் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர். இதை ஹேங்கருக்குள், அதாவது பழுதுபார்க்கும் கொட்டகைக்குள், இழுத்துக்கொண்டு வரும் டிராக்டர் ஓட்டுநர் விமானத்தின் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இறக்கை முனைகள் அவருக்குப் பின்னால் இருபது மீட்டருக்கு மேல் தள்ளி வருகின்றன, வால் கண்ணுக்கே தெரியாது. அவர் பின்பற்ற வேண்டிய மஞ்சள் கோடோ டிராக்டருக்கு அடியில் போய் மறைந்துவிடும். மறையாத இடத்திலும் ஏ319-க்கு ஒன்று, 737-க்கு ஒன்று, ஏடிஆருக்கு ஒன்று என்று பல வருடமாக அடித்த கோடுகள் பின்னிக் கிடக்கும்.

எங்கேயாவது உள்ளே நிறுத்தினால் போதும் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். ஆனால் வாலைச் சுற்றி நிற்கும் டாக் மேடை, தரையில் குறித்திருக்கும் ஜாக் இடங்கள், தரைக்குழியில் இருக்கும் மின்சார, காற்று இணைப்புகள், மேலே வேலை செய்பவர் விழாமல் தாங்கக் கூரையிலிருந்து தொங்கும் கம்பி எல்லாமே விமானம் குறித்த இடத்தில் நிற்கும் என்று நம்பி அமைத்தவை. அரை அடி தள்ளி நின்றுவிட்டால் மேடை பொருந்தாது. மறுபடி வெளியே இழுத்து, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில்தான் இறக்கை முனையும் கதவுத் தூணும் முத்தமிட்டுக்கொள்ளும்.

லேசர் கோடு இதற்கு நல்ல தீர்வு. ஆனால் கருவியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். லேசர் காட்டும் தளம் உண்மையிலேயே செங்குத்தாக இருக்கிறதா, கதவுக்கு வெளியே விமானம் நேராவதற்குப் போதுமான ஓட்டம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. எந்தக் கம்பெனி கருவி என்பதெல்லாம் அப்புறம். நம் நாட்டு ஹேங்கர்களுக்குள் அதிகம் வந்துபோவது ஏ320 குடும்பம் என்பதால் கணக்குகளை அதை வைத்தே போடுகிறேன். 737-க்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: அளவுகளைத் திரட்டுங்கள்

தயாரிப்பாளர் ஒவ்வொரு ரகத்துக்கும் விமான நிலையத் திட்டமிடலுக்கென்று ஓர் ஆவணம் வெளியிடுகிறார். நமக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: மொத்த நீளம், இறக்கை அகலம், வால் உயரம், மூக்கிலிருந்து முன் சக்கரம் வரை உள்ள தூரம், முன் சக்கரத்துக்கும் மெயின் கியருக்கும் (இறக்கைக்கு அடியில் இருக்கும் முக்கியச் சக்கரங்கள்) இடைவெளி, இடது வலது மெயின் கியர்களின் இடைவெளி. வால் உயரம் எரிபொருள் எடையைப் பொறுத்து மாறும். ஆவணத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் இருந்தால் கதவு உயரத்துக்கு அதிகபட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. ஷார்க்லெட் இல்லாத பழைய ஏ320-க்கு இறக்கை 34.10 மீட்டர்தான். நீளம் ஏ319-க்கு 33.84, ஏ321-க்கு 44.51. மூக்கிலிருந்து முன் சக்கரம் வரை மூன்றுக்கும் ஒரே தூரம், சுமார் 5 மீட்டர். இதை வைத்துத்தான் படி 7-இல் நிறுத்தக் கோடுகளைப் போடப்போகிறோம்.

படி 2: நேரான ஓட்டம் போதுமா?

பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது.

முன் சக்கரம் கோட்டின் மேல் ஏறியவுடன் விமானம் கோட்டில் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. மெயின் கியர் இன்னும் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். முன் சக்கரத்தைக் கோட்டிலேயே வைத்து இழுக்க இழுக்க, அந்த விலகல் படிப்படியாகக் குறையும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: முன் சக்கரத்துக்கும் மெயின் கியருக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு ஒவ்வொரு முறை நகரும்போதும் விலகல் முன்பு இருந்ததில் ஏறக்குறைய 37 சதவீதமாகச் சுருங்கும்.

ஏ320-க்கு அந்த இடைவெளி 12.64 மீட்டர். முன் சக்கரம் கோட்டைத் தொடும்போது மெயின் கியர் 1 மீட்டர் விலகி இருக்கிறது என்று வையுங்கள். 25 மீட்டர் இழுத்த பிறகு விலகல் 13 அல்லது 14 சென்டிமீட்டர். 38 மீட்டரில் 5 சென்டிமீட்டர். 50 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கும் கீழே.

மெயின் கியரில் 5 சென்டிமீட்டர் என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். வாலைப் பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து வால் முனை 32.5 மீட்டர். அதை 12.64-ஆல் வகுத்தால் 2.57. அதாவது மெயின் கியரில் 5 சென்டிமீட்டர் விலகினால் வால் 13 சென்டிமீட்டர் விலகி நிற்கும். டாக் மேடையின் ரப்பர் விளிம்புக்கு அது போதாத இடைவெளியாகிவிடலாம்.

இப்போது உங்கள் ஹேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவிலிருந்து முன் சக்கரம் நிற்கும் இடம் 40 மீட்டர் என்றால், கதவருகே கோட்டைப் பிடித்த விமானத்தின் வால் நிற்கும்போது 11 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கதவுக்கு 13 மீட்டர் முன்பே, வெளியே ஏப்ரனில் (ஹேங்கருக்கு முன்னால் உள்ள திறந்த தளம்) கோட்டைப் பிடித்திருந்தால் அது 4 சென்டிமீட்டர். இந்த 13 மீட்டர் கோடு வெளியே இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த லேசரை உள்ளே மாட்டினாலும் வால் நேராகாது. 40-உம் 13-உம் சேர்ந்த இந்த 53 மீட்டர், சக்கர இடைவெளியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏ321-க்கு சக்கர இடைவெளி 16.9 மீட்டர் என்பதால் அதே நான்கு மடங்குக்கு 68 மீட்டர் நேரான ஓட்டம் வேண்டும். ஏப்ரனில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப்பை எடுத்துப்போய் அளந்துவிட்டு மேலே படியுங்கள்.

வெளியே லேசர் உதவாது. நல்ல வெயிலில் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும், லேசர் கோடு அதில் காணாமல் போய்விடும். அதனால் வெளிப்பகுதிக்குப் பெயின்ட் கோடுதான். மஞ்சளாக, ஒரே கோடாக, பழையவற்றைச் சுரண்டிவிட்டு அடித்ததாக இருக்கட்டும்.

படி 3: நடுக்கோட்டைத் தரையில் நிலைநாட்டுங்கள்

டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்திருக்கும் சர்வேயர் ஒருவரை ஒரு நாளைக்குக் கூப்பிடுங்கள். டாக் மேடையின் நடுவை ஆதாரமாக எடுங்கள், கட்டடத்தின் நடுவை அல்ல. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வரைபடம் சொல்லும், தரை சொல்லாது. கதவருகே ஒன்று, பின்சுவருக்கு அருகே ஒன்று என இரண்டு பித்தளைக் குமிழ்களைக் கான்கிரீட்டில் பதித்து, மேல்பகுதியில் கூட்டல் குறி செதுக்கி வையுங்கள். எண்ணெயும் சோப்பும் டயரும் பட்டுப் பெயின்ட் போய்விடும். குமிழ் போகாது. இனிமேல் லேசரைச் சரிபார்ப்பதெல்லாம் இந்தக் குமிழ்களை வைத்துத்தான்.

எபாக்ஸி பூசிய பளபளப்பான தரை என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அந்தத் தரை லேசர் ஒளியைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் திருப்பிவிடும், ஓட்டுநர் கண்ணுக்குக் கோடு மங்கலாகத்தான் தெரியும். நடுக்கோட்டின் மேல் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெளிர்சாம்பல் நிறத்தில் மங்கல் பெயின்ட் அடித்துவிடுங்கள். அதிக சக்தி லேசர் வாங்குவதைவிட இது மலிவு, பலனும் அதிகம். ஈரத் தரைக்கும் இதே தொல்லை உண்டு. தண்ணீர் விட்டுக் கழுவிய கையோடு விமானத்தை உள்ளே கொண்டுவராதீர்கள்.

படி 4: லேசரைத் தேர்ந்தெடுப்பது

பச்சைதான் வாங்க வேண்டும். 520 நானோமீட்டர் பச்சை ஒளி, அதே சக்தியுள்ள 650 நானோமீட்டர் சிவப்பைவிட மனிதக் கண்ணுக்கு ஆறு மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். கோடு வரையும் லென்ஸ் பவல் லென்ஸாக இருக்கட்டும். சாதாரண உருளை லென்ஸ் போட்ட கோடு நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கியும் இருக்கும். பவல் லென்ஸ் நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரப்பும்.

சக்தி எவ்வளவு வேண்டும்? 40 மில்லிவாட் பச்சை லேசரை 20 மீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலக் கோடாகப் பரப்பினால் தரையில் சுமார் 100 லக்ஸ் கூடுதலாக விழும். ஹேங்கர் விளக்குகள் 300 லக்ஸ் தரும் இடத்தில் இது சுத்தமான பச்சையாகத் தெரியும். கதவைத் திறந்துவைத்த நண்பகலில் வாசலை ஒட்டிய பகுதியில் தெரியாது. அதற்காகச் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் பெரிய பலனில்லை. இழுக்கும் நேரத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதுதான் வழி.

தூசு, தண்ணீர் புகாத ஐபி65 பெட்டி வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் மே மாத மதியம் எவ்வளவு சூடாகும் என்பது நமக்குத் தெரியும். லேசர் எவ்வளவு வெப்பநிலை வரை வேலை செய்யும் என்ற வரியை விலைப்பட்டியலில் தேடிப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

படி 5: எங்கே மாட்டுவது

மூன்று இடங்கள் உண்டு. பின்சுவரில் மாட்டிக் கதவை நோக்கிக் கோடு போடலாம், வேலை சுலபம். ஆனால் நேராக வரும் ஓட்டுநர் முகத்திலேயே ஒளி படும், கண் கூசும். கதவின் மேல் விட்டத்தில் மாட்டி உள்ளே பார்க்க வைத்தால் கூசாது. ஆனால் விமானம் உள்ளே நுழைந்ததும் அதன் உடம்பே ஒளியை மறைத்துவிடும்.

என் தேர்வு மூன்றாவது இடம்: கூரை, நடுக்கோட்டுக்கு நேர் மேலே, கீழ்நோக்கி. 18 மீட்டர் உயரத்திலிருந்து 60 டிகிரி விரிவுள்ள ஒரு லேசர் தரையில் 20 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கோடு போடும். மூன்று லேசர் வைத்தால் 60 மீட்டர் ஆழமுள்ள ஹேங்கர் முழுவதும் கோடு கிடைக்கும். ஓட்டுநர் மேலே அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. டிராக்டர் கோட்டின் மேல் வந்தாலும் பச்சைக் கோடு அதன் பானெட்டின் மேல் ஏறி வந்து நிற்கும். பெயின்ட் கோட்டால் இது முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. விமானம் அடியில் வந்ததும் கோடு அதன் முதுகின் மேல் விழுகிறது. ஏ320-இன் முதுகில் ஆன்டெனா நடுக்கோட்டிலேயே நிற்கிறது, பின்னால் செங்குத்து வாலின் முன்விளிம்பும் அதே கோட்டில். கூரையில் ஒரு சாதாரணக் கேமராவை வைத்து, பச்சைக் கோடு ஆன்டெனாவையும் வாலின் அடியையும் வெட்டுகிறதா என்று பார்த்தால் விமானம் கோணலாக நிற்கிறதா, நேராக நிற்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முன் சக்கரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கிரேன் ஓடும் விட்டத்தில் மட்டும் மாட்ட வேண்டாம். கிரேன் நகரும்போதெல்லாம் அது வளையும். 18 மீட்டர் உயரத்தில் 0.1 டிகிரி சாய்ந்தாலே தரையில் 31 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். தூணோடு இறுகப் பிணைந்த டிரஸ்ஸின் (கூரையைத் தாங்கும் எஃகுச் சட்டம்) கீழ்க்கம்பியில், மூன்று திசையிலும் திருகித் திருத்தக்கூடிய பிராக்கெட்டோடு மாட்டுங்கள்.

படி 6: தளத்தைச் செங்குத்தாக்குவது

லேசர் போடுவது கோடு என்று சொன்னாலும், உண்மையில் அது ஒளியாலான ஒரு தளம். தரையில் நாம் பார்ப்பது அந்தத் தளம் தரையை வெட்டும் இடம் மட்டுமே. லேசர் நடுக்கோட்டுக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்தாலும், சாய்த்துவிட்டு இரண்டு குமிழ்களின் மேலும் கோட்டைக் கொண்டுவந்துவிடலாம். தரையில் எல்லாம் சரியாக இருக்கும். விமானத்தின் முதுகோ தரையிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளம் அரை டிகிரி சாய்ந்திருந்தால் அங்கே கோடு 5 சென்டிமீட்டர் தள்ளி விழும். முதுகைப் பார்த்து விமானத்தைச் சரிசெய்தால் கீழே தப்பாகும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் லேசரின் ஒளி வெளிவரும் துளையிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். 18 மீட்டர் நூல் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாளியில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் குண்டை அதில் மூழ்கவிட்டால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஹேங்கர் கதவையும் மூடிவிடுங்கள். நூல் நடுக்கோட்டின் மேல் வரும்வரை பிராக்கெட்டைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அது முடிந்த பிறகுதான் லேசரைப் போட்டு, இரண்டு குமிழ்களின் மேலும் கோடு விழும்படி திருப்புவதும் சாய்ப்பதும். கடைசி சில மில்லிமீட்டருக்கு வெள்ளை அட்டை ஒன்றைக் குமிழின் மேல் வைத்து, கோட்டின் இரண்டு விளிம்பையும் பென்சிலால் குறித்து நடுவை எடுங்கள். கோட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போது விளிம்பைப் பார்த்து நடு என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

அடுத்து சோதனை. லேசருக்கு அடியில் அல்லாமல், கோட்டின் நீளவாக்கில் எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, நகரும் மேடை ஒன்றின் மேலிருந்து வெள்ளை நைலான் நூலில் குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் பச்சையாக இருக்கும். மேலே பாருங்கள்: நூல் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தால் தளம் செங்குத்து. நடுவில் எங்கேயாவது பச்சை விலகி நூல் வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. மூன்று லேசருக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள், பிறகு அவற்றின் கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

விடியற்காலையில் சரிசெய்ததை மதியம் மூன்று மணிக்கு மறுபடி பாருங்கள். 60 மீட்டர் எஃகு 20 டிகிரி சூடேறினால் 14 மில்லிமீட்டர் நீளும். நடு டிரஸ்ஸில் இருக்கும் நடுக்கோடு பெரும்பாலும் தப்பித்துவிடும். நிறுத்தக் கோட்டில்தான் நகர்வு தெரியும்.

படி 7: நிறுத்தக் கோடுகள்

முன் சக்கர அச்சு எங்கே நிற்க வேண்டும் என்று குறுக்காக ஒரு கோடு. இதற்கும் செங்குத்துத் தளம்தான், அதே தூக்குக்குண்டுச் சோதனைதான்.

வால் டாக் நிலையானது என்றால் வால்தான் ஆதாரம். மூன்று ரகத்துக்கும் வால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அதனால் முன் சக்கரக் கோடுகள் மாறும். ஏ319-இன் கோட்டிலிருந்து ஏ320-இன் கோடு 3.73 மீட்டர் முன்னால், அங்கிருந்து ஏ321-இன் கோடு இன்னும் 6.94 மீட்டர் முன்னால். தரையில் மூன்றையும் பெயின்ட் அடித்தால் குழப்பம். லேசரில் தேர்வுச் சுவிட்ச் ஒன்று வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கோடு மட்டும் எரியும்படி செய்துவிடலாம். சுவிட்சைத் திருப்பியவர் எந்த ரகம் என்று சத்தமாகச் சொல்வதும், இழுவையின் பொறுப்பாளர் விமானத்தின் பதிவெழுத்தைப் பார்த்து ஆமோதிப்பதும் பழக்கமாகட்டும்.

நிறுத்தக் கோட்டுக்குச் சிவப்பு வைப்பவர்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் குறைவில்லை. நிறத்தை மட்டும் நம்பாமல், நிறுத்தக் கோட்டை இடைவெளி விட்ட கோடாகவோ மின்னும் கோடாகவோ வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

தூரம் காட்டும் பலகை வேண்டுமா? பின்சுவரில் லேசர் தூரமானி ஒன்று, மீட்டர் எண்ணிக்கை காட்டும் பெரிய எழுத்துப் பலகை ஒன்று. இருந்தால் நல்லதுதான், ஓட்டுநர் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார். ஆனால் அது வழியில் முதலில் நிற்கும் பொருளைத்தான் அளக்கிறது. அது டிராக்டராக இருந்தால் டோபாரின் (டிராக்டரை விமானத்தோடு இணைக்கும் கம்பி) கோணம் மாற மாற எண்ணும் மாறும். மூக்காக இருந்தால் வளைந்த பரப்பில் எந்தப் புள்ளியைத் தொட்டது என்று சொல்ல முடியாது. கடைசி முடிவு முன் சக்கரமும் குறுக்குக் கோடும்தான்.

படி 8: கண்ணுக்கும் காற்றுக்கும்

லேசர் வகைப்பாடு ஐஇசி 60825-1 தரத்தின்படி வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகை 2. கண் கூசி 0.25 விநாடிக்குள் இமை மூடிக்கொள்வதே பாதுகாப்பு என்று எண்ணி வகுத்தது. அதற்கு மேல் 5 மில்லிவாட் வரை வகை 3ஆர்.

நம் 40 மில்லிவாட் கருவியின் பெட்டியில் எழுதியிருப்பதைக் கண்டு பலர் பயப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். 60 டிகிரி விரிந்த கோடு, லென்ஸிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 11.5 சென்டிமீட்டர் நீளம். விரிந்த கண்பாவை 7 மில்லிமீட்டர். அதற்குள் போவது 2.4 மில்லிவாட். தரையில் கோடு 20 மீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது, அங்கே கண்ணுக்குள் போவது 0.014 மில்லிவாட்கூட இல்லை. ஆக ஆபத்தில் இருப்பவர் டிராக்டர் ஓட்டுநர் அல்ல. ஏணி ஏறி லென்ஸைத் துடைப்பவர்தான். அவர் மேலே போகும்போது லேசருக்கான மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை அவர் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியோ டோட்டல் ஸ்டேஷனோ வைத்து எரியும் லேசரை நேராகப் பார்ப்பதும் கூடாது, அவை ஒளியைக் கூட்டிக் கண்ணுக்குள் அனுப்பும். இந்தக் கணக்கு நிலைமையைப் புரிந்துகொள்ள மட்டுமே. நடைமுறைக்குக் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் வகை எண்ணும் உங்கள் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்தும்தான் செல்லும்.

இறக்கையின் முன்விளிம்பும் எஞ்சின் வாயின் உதடும் மெருகேற்றிய உலோகம். குறுக்குக் கோடு அவற்றில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று முதல்முறை மெதுவாக இழுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஹேங்கர் விமான நிலையத்துக்குள் இருப்பதால் வெளியே போகும் ஒளிக்கும் கட்டுப்பாடு உண்டு. ஓடுபாதையைச் சுற்றி லேசர் இல்லாப் பறக்கும் பகுதி என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்திருக்கும் இடத்தில் அனுமதி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 நானோவாட் மட்டும். கீழ்நோக்கி மாட்டிய லேசருக்கு இது சிக்கலே இல்லை. பின்சுவரிலிருந்து கதவு வழியாக வெளியே பாயும் லேசருக்குத்தான் விமான நிலைய நிர்வாகத்திடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எரிபொருள் ஆவி தரையோடு தங்கும். அமெரிக்க மின்சார விதிகள் ஹேங்கர் தரையிலிருந்து 46 சென்டிமீட்டர் உயரம் வரை ஆபத்துப் பகுதியாகக் கருதுகின்றன. தேர்வுச் சுவிட்ச், பவர் சப்ளை எல்லாம் அதற்கு மேலேயே இருக்கட்டும்.

படி 9: விமானம் இல்லாமல் ஒத்திகை

டிராக்டரையும் டோபாரையும் மட்டும் வைத்து இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்: கோடு எந்த மீட்டரில் மங்குகிறது, எந்த விளக்கு வரிசை அதை அடிக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். கோட்டுக்கு நேர் மேலே உள்ள விளக்கு வரிசையை மட்டும் அணைக்க வசதி வையுங்கள். இறக்கை முனைகள் வரும் பக்கங்களில் வெளிச்சம் குறையக் கூடாது, இறக்கை முனையோடு நடந்து வந்து இடைவெளியைக் கவனிக்கும் விங் வாக்கர்களுக்கு அதுதான் கண்.

படி 10: இழுவை

ஆட்கள்: பொறுப்பாளர் ஒருவர், டிராக்டர் ஓட்டுநர், காக்பிட்டில் பிரேக் பிடிப்பவர், இறக்கை முனைக்கு ஒருவராக இருவர், வாலுக்கு ஒருவர். லேசர் வந்துவிட்டதே என்று இதில் ஒருவரைக்கூடக் குறைக்காதீர்கள். லேசருக்குத் தெரிவது நடுக்கோடு மட்டும். யாரோ மறந்து நிறுத்திவிட்டுப் போன ஸ்டேண்ட் இறக்கையின் வழியில் நிற்பது அதற்குத் தெரியாது.

புறப்படும் முன்: லேண்டிங் கியர் பூட்டு ஊசிகள், முன் சக்கர ஸ்டியரிங் பைபாஸ் ஊசி, பிரேக் அக்யூமுலேட்டர் அழுத்தம், கதவு முழுவதும் திறந்திருப்பது, டாக் மேடைகள் பின்னால் இழுத்திருப்பது. லேசர் கோடு இரண்டு குமிழ்களின் மேலும் விழுகிறதா என்று ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஏப்ரனில் திரும்பும்போது பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் வெளிமுனை நாம் நினைப்பதைவிட அகலமான வளைவில் வரும், அந்தப் பக்க வாக்கர் முன்கூட்டியே விலகி நிற்கட்டும். முன் சக்கரக் கதவில் இருக்கும் சிவப்புக் குறிகளைத் தாண்டி டோபார் திரும்பக் கூடாது. வெளிக் கோட்டைப் பிடித்த பிறகு முன் சக்கரத்தை அதிலேயே வைத்து, நடக்கும் வேகத்தில் நேராக வாருங்கள். படி 2-இல் போட்ட கணக்கு இப்போதுதான் வேலை செய்கிறது. மெயின் கியர் கதவுக்கு வரும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, இரண்டு பக்கமும் கதவுத் தூணுக்கும் இறக்கை முனைக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்திருந்தால் வெளியே போய் மறுபடி வருவதுதான் சரி. உள்ளே வந்து ஒடித்துத் திருத்தப் பார்த்தால், திரும்ப நேராவதற்கு மீதித் தூரம் இருக்காது.

உள்ளே, கடைசி மூன்று மீட்டரில் வேகம் விநாடிக்கு 30 சென்டிமீட்டர். 'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்து கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். நடக்கும் வேகத்திலேயே வந்தால் அந்த ஒரு விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் தாண்டிப் போய்விடும். யார் நிறுத்து என்றாலும், யார் விசில் ஊதினாலும், ஏன் என்று கேட்காமல் முதலில் நிற்பது. லேசர் நடுவில் அணைந்துபோனாலும் அப்படித்தான்: நின்றுவிட்டு, தரையைப் பார்த்து முடிவு செய்வது.

நின்றதும் பார்க்கிங் பிரேக், சக்கரங்களுக்குச் சோக், எர்த் வயர். டோபாரைக் கழற்றியபின் பைபாஸ் ஊசியை எடுங்கள். அப்புறம்தான் மேடைகள் நகரலாம்.

வாலை முதலில் உள்ளே தள்ளும் ஹேங்கர்கள்

மேலே சொன்ன சௌகரியம் மூக்கு முதலில் வரும்போதுதான். பின்னோக்கித் தள்ளும்போது கணக்கு தலைகீழ்: முன் சக்கரத்தைக் கோட்டிலேயே பிடித்துவைத்தால் மெயின் கியரின் விலகல் ஒவ்வொரு 12.64 மீட்டருக்கும் 2.7 மடங்காகப் பெருகும். வயல்வெளியில் டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே ஓட்டுநர் கோட்டைப் பார்த்து ஓட்டவே முடியாது. வாலின் அடியில் கோடு எந்தப் பக்கம் விலகுகிறது என்பதைக் கூரைக் கேமராவில் பார்ப்பவர் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருக்க வேண்டும். கேமரா திரையைப் பொறுப்பாளர் பக்கத்தில் வையுங்கள். இந்த வகை ஹேங்கருக்கு நடுக்கோட்டு லேசரைவிட அந்தத் திரைதான் முக்கியம் என்றே சொல்வேன்.

படி 11: அளந்து எழுதுங்கள்

விமானம் நின்ற பிறகு, இடது மெயின் சக்கரத்தின் உள்முகத்திலிருந்து நடுக்கோடு வரை டேப்பால் அளங்கள். வலது பக்கமும் அதே. இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் விலகல். இடது 3.27, வலது 3.33 என்று வந்தால் விமானம் 3 சென்டிமீட்டர் வலது பக்கம் இருக்கிறது. வால் எவ்வளவு என்று தெரிய அதை 2.57-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். முன் சக்கர அச்சு நிறுத்தக் கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேதி, ரகம், ஓட்டுநர், எந்த நேரம் என்பதும் இருக்கட்டும்.

கொஞ்ச நாளில் அந்த நோட்டே பேசும். ஒரே பக்கமாக விலகல் வந்துகொண்டிருந்தால் குமிழ்களை வைத்து லேசரைச் சோதியுங்கள். குமிழ்களில் கோடு சரியாக இருந்தால் லேசரைத் தொடாதீர்கள், வெளியே பெயின்ட் கோடும் உள்ளே லேசர் கோடும் கதவருகே ஒரே நேரில் சேர்கிறதா என்று பாருங்கள். விலகல் மாறி மாறி வந்தால் அது கோட்டைத் தாமதமாகப் பிடிப்பதால் வருவது. மதியத்தில் மட்டும் வந்தால் கூரையின் சூடு அல்லது வெயில்.

மாதம் ஒரு முறை குமிழ்ச் சோதனையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூக்குக்குண்டுச் சோதனையும் போதும். கூரையில் யாராவது வேலை செய்தாலோ, கிரேன் பழுது பார்த்தாலோ, புயல் கடந்தாலோ, நுரைத் தீயணைப்பு அமைப்பைச் சோதித்தாலோ, அடுத்த விமானத்துக்கு முன் இரண்டையும் செய்துவிடுங்கள். லென்ஸைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும். பெட்ரோல் நனைத்த பனியன் துணி வேண்டாம், லென்ஸின் மேல்பூச்சு கெட்டுப்போகலாம்.